எம்.ஐ.ஏ.யின் ‘நான்’: அருளர் முதல் மாதா வரை

அகப்பாடலில் பேசுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள். அந்தச் சொற்களைப் பாடிய புலவரின் சொந்த வாழ்க்கையோடு வைத்துப் பார்த்து யாரும் கணக்குக் கேட்டதில்லை. ராப் இதற்கு நேரெதிரான ஒப்பந்தத்தின் மேல் நிற்கும் கலை. ராப்பர் தன் பெயரைப் பாட்டுக்குள்ளேயே சொல்கிறார். வளர்ந்த தெரு, அம்மா பார்த்த வேலை, சிறையில் இருக்கும் நண்பன், தனக்கு ஆகாதவன் என எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். ‘இது இந்த ஆள் வாழ்ந்தது’ என்று நம்பித்தான் கேட்கிறவர் கேட்கிறார். ராப்பின் கூர்மை என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி அந்த நம்பிக்கையிலிருந்து வருகிறது. இதைச் சொல்வதால் இவர் எதையோ இழக்கக்கூடும் என்று தோன்றும்போதுதான் சொல் குத்துகிறது.

அந்த ஒப்பந்தத்துக்கு வயதாகும்போது என்ன ஆகிறது என்பதை அமெரிக்க ராப்பர்கள் பலவிதமாகக் காட்டியிருக்கிறார்கள். என்.டபிள்யூ.ஏ. குழுவின் 1988ஆம் ஆண்டு ஆல்பத்தில் போலீஸை வசைபாடியவர் ஐஸ் கியூப். மறு ஆண்டே எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் அவர்களுடைய இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். அதே ஐஸ் கியூப் 2005இல் ‘ஆர் வீ தேர் யெட்?’ என்ற குடும்பச் சிரிப்புப் படத்தின் நாயகன். 2012இல் ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’ படத்தில் போலீஸ் கேப்டன். எமினெம் ‘ஸ்லிம் ஷேடி’ என்ற மறுவுருவத்தின் வாய்வழியே சொல்லத் தகாததையெல்லாம் சொன்னார். நாற்பதை நெருங்கித் தாண்டியபோது அவருடைய துணிச்சல் சொல்லும் பொருளைவிட்டுச் சொல்லும் வித்தைக்கு இடம்பெயர்ந்தது. 2013இல் வந்த ‘ராப் காட்’ ஆறு நிமிடத்தில் 1,560 சொற்களைக் கொட்டிக் கின்னஸ் பதிவில் ஏறியது. 2024இல் அவர் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பே ஸ்லிம் ஷேடியின் மரணம். ஜே-ஸி கத்தியின் முனையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார்: 2017இல், தன் 47ஆம் வயதில், ‘4:44’ ஆல்பத்தில் மனைவிக்குச் செய்த துரோகத்தை ஒப்புக்கொண்டு பாடினார்.

மூன்று பேருக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். பணமும் வயதும் அவர்களைத் தெருவிலிருந்து நகர்த்திவிட்டன. ஆனால் தெரு அங்கேயே இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் தெற்குப் பகுதியும் டெட்ராய்ட்டும் புரூக்ளினின் மார்சி குடியிருப்பும் இன்றும் இருக்கின்றன. அங்கிருந்து புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். லண்டனின் ஈழத்தமிழ்ப் பாடகி மாதங்கி அருட்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.யின் கதை இங்கேதான் வேறுபடுகிறது. அவர் எந்த இடத்தின் பெயரால் பேசினாரோ, எந்த ஈழப் போரின் பிம்பங்களை நடனமேடைக்குக் கொண்டுவந்தாரோ, அது 2009 மே மாதத்தோடு முடிந்தது. அவருடைய பிற்காலப் பாடல்கள் குறித்து ‘பணக்காரி ஆனார், கூர்மை போயிற்று’ என்று எழுதியவர்கள் பலர். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அவர் மாறிய அளவுக்கு, அதைவிடவும் அதிகமாக, அவர் சுட்டிக்காட்டிய உலகம் மாறிவிட்டது.

1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், இடையில் சென்னையில் சில காலம் இருந்து, 1986இல் தாயோடும் உடன்பிறந்தாரோடும் அகதியாக லண்டன் திரும்பியவர் அவர். தெற்கு லண்டனின் மிச்சம் பகுதியில் ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பு. தகப்பன் வீட்டில் இல்லை. அவர் அருட்பிரகாசம், ஈழ விடுதலை இயக்கங்களில் ஒன்றான ஈரோஸை உருவாக்கியவர்களில் ஒருவர். தமிழ் வாசகருக்கு அவரை வேறு விதத்திலும் தெரிந்திருக்கும். 1977 கலவரத்தில் அகதிகளை ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து வடக்கே போன கப்பலைக் கதையாக்கிய ‘லங்கா ராணி’ நாவலின் ஆசிரியர் அருளர் அவர்தான். மேற்கத்தியப் பத்திரிகைகள் பல ஆண்டுகளாக அவரை விடுதலைப் புலி என்றே எழுதின. ஈரோஸும் புலிகளும் வேறு வேறு என்பது யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். லண்டனிலும் நியூயார்க்கிலும் அந்த வேறுபாட்டை விசாரிக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இந்தச் சிறு பிழையை நான் பெரிதாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எம்.ஐ.ஏ.யின் மேடையுருவம் பாதி இந்தப் பிழையின் மேல் கட்டப்பட்டது. அவரும் ஆரம்பத்தில் அதைத் திருத்த அவசரப்படவில்லை.

சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தவர் முதலில் ஓவியராகத்தான் வெளியே தெரிந்தார். 2001இல் லண்டனில் வைத்த கண்காட்சியில் புலி, டாங்கி, பனைமரம் எல்லாம் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் அச்சுவெட்டு ஓவியங்களாக இருந்தன. பிறகு பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி.-505 என்ற கருவியைக் காட்டிக்கொடுத்தார். பீட்டும் பாஸும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம். சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. ‘கலாங்’ என்ற முதல் பாடல் 2003இல் சில நூறு பிரதிகளாக வந்தது. 2005இல் ‘அருளர்’ ஆல்பம்.

தலைப்பு தகப்பனின் இயக்கப் பெயர். எங்கோ இருக்கும் அப்பாவின் கண்ணில் அது படும் என்ற எண்ணமும் அதில் இருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஆல்பத்தின் குரலை இன்று கேட்கும்போது எனக்குப் படுவது அதன் விளையாட்டுத்தனம். தெருவில் சிறுமிகள் கயிறு தாண்டும்போது பாடுகிற தாளத்தில் குண்டும் ரேடாரும் கடத்தலும் வருகின்றன. ‘சன்ஷவர்ஸ்’ பாடலில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது என்று அமெரிக்க எம்.டி.வி. அதை மாற்றாமல் ஒளிபரப்ப மறுத்தது. அதன் காணொளி தென்னிந்தியக் காடொன்றில் எடுக்கப்பட்டது. பச்சைக்கிடையே வரிசையாக நடந்து போகும் பெண்கள். பாடுகிறவர் போரை ஆதரிக்கிறாரா, விவரிக்கிறாரா, வெறும் உடுப்பாக அணிந்துகொள்கிறாரா? ‘அருளர்’ இந்த மூன்றுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம்தான் அதன் கூர்மை. அது சாத்தியமாக இருந்ததற்கு ஒரு காரணம், அந்த ஆண்டுகளில் இலங்கையில் ஒரு போர்நிறுத்த ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. பெயரளவில் ஆகிக்கொண்டிருந்தாலும் பேச்சுவார்த்தை என்ற சொல்லுக்கு இன்னும் அர்த்தம் இருந்தது. போர் முடிவு தெரியாத ஒன்றாக இருந்தபோது அதன் சின்னங்களோடு விளையாட இடம் இருந்தது.

அடுத்தது ‘கலா’, 2007. தாயின் பெயர். இந்த ஆல்பத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போகிறேன். ஏனென்றால் அவர் செய்தவற்றில் இதற்கு ஈடு இன்னொன்று இல்லை.

2006இல் அமெரிக்காவில் தங்கிப் பெரிய தயாரிப்பாளர்களோடு வேலை செய்ய அவர் போட்டிருந்த திட்டம் விசா கிடைக்காமல் நின்றது. மடிக்கணினியோடு ஊர் ஊராகப் போனார்: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. தமிழ்நாட்டில் உறுமி மேளக்காரர்களின் அடியைப் பதிவுசெய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் அந்த அடிதான் முதுகெலும்பு. கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் கேட்கிற உறுமி, அதன் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் அந்த முனகல், லண்டன் நடனக்கூடத்துக்குள் எந்த மெருகும் ஏற்றப்படாமல் நுழைந்தது. நம்முடைய சினிமாவே உறுமியைக் குத்துப்பாட்டுக்கு அப்பால் எடுத்துப் போகத் தயங்கிய காலம் அது. கூடவே கோழிகளின் சத்தம், குழந்தைகளின் கூச்சல். ‘ஜிம்மி’ பாடல் மிதுன் சக்கரவர்த்தி நடித்த ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்திலிருந்து எடுத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களான வில்கேனியா மாப் குழு ஒரு பாடலில் ராப் பாடுகிறது.

இங்கே அந்த ‘நான்’ என்ன ஆனது என்று கவனியுங்கள். ‘அருளர்’ ஒரு ஆளின் குரல். ‘கலா’வில் அந்த ஆள் பின்னால் போய், பல வாய்கள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. ‘பேப்பர் பிளேன்ஸ்’ இதன் உச்சம். தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றிலிருந்து எடுத்த கிதார் துண்டின் மேல், கள்ள விசா தயாரித்துக் கொடுத்துப் பிறர் பணத்தைப் பறிக்கும் ஒரு ‘நான்’ பாடுகிறது. பல்லவியில் துப்பாக்கி வெடிக்கிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. விசா அதிகாரி தன் மனதில் வரைந்து வைத்திருக்கும் குடியேறியின் உருவம் அது. எம்.ஐ.ஏ. அந்த உருவத்தை மறுத்து வாதாடவில்லை; அதையே உடுத்திக்கொண்டு பாடினார். அகப்பாடலின் பெயரற்ற பாத்திரத்துக்கும் ராப்பின் பெயருள்ள ஆளுக்கும் நடுவில், எவரும் ஏறி நிற்கக்கூடிய ஒரு ‘நான்’ கிடைத்தது. டாக்சி ஓட்டுகிறவரும் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவரும் அதற்குள் நின்று பாடலாம். அமெரிக்கத் தொலைக்காட்சி துப்பாக்கிச் சத்தத்தை மழுங்கடித்து ஒலிபரப்பியது. ஒரு ஹாலிவுட் படத்தின் முன்னோட்டத்திலும் பிறகு ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ படத்திலும் பாடல் ஏறியது. 2008இல் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடத்துக்குப் போனது. அதே ஆண்டு டிலோன் என்ற இலங்கை வம்சாவளி அமெரிக்க ராப்பர், அந்தப் பாடலின் மேலேயே தன் வரிகளை ஏற்றி, எம்.ஐ.ஏ. பயங்கரவாதத்தை ஆதரிக்கிறார் என்று காணொளி வெளியிட்டார்.

2009 பிப்ரவரி 8. லாஸ் ஏஞ்சல்ஸில் கிராமி விழா. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலிலிருந்து எம்.ஐ.ஏ.யின் குரல் துண்டொன்றை எடுத்துச் செய்த ‘ஸ்வாகா லைக் அஸ்’ பாடலுக்காக ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. நால்வரும் மேடையில் நிற்கிறார்கள். நடுவே நிறைமாதக் கர்ப்பிணியாக எம்.ஐ.ஏ. மருத்துவர் குறித்துக்கொடுத்த நாளே அன்றுதான். சில நாட்களில் மகன் பிறந்தான். அந்த மாதத் தொடக்கத்தில்தான், இலங்கையில் மீண்டும் போர் மூண்டிருந்த வன்னியில், புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது ஷெல் விழுந்தது. ஏ.ஆர். ரஹ்மானோடு அவர் செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. உலகம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில வாரங்களில் கேமரா எங்கே இருந்தாலும் அவர் வன்னியைப் பற்றியே பேசினார். இனப்படுகொலை நடக்கிறது என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொன்னார். மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் சொன்னது.

எம்.ஐ.ஏ.யின் கலைவாழ்க்கை இந்த இடத்தில் இரண்டாகப் பிளக்கிறது என்பது என் வாசிப்பு. அதுவரை அவர் கையில் இருந்தது பொருள் நழுவிக்கொண்டே இருக்கும் பிம்பம். இனி அவர் சாட்சி. சாட்சிக்கு விளையாட உரிமை இல்லை. ஒரே பொருளில், திரும்பத் திரும்ப, நம்பும்படி பேச வேண்டும். பாப் பாடகியோ அப்படிப் பேசும்போதுதான் நம்பப்படுவதில்லை. போரை நிறுத்தச் சொல்லி லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் 73 நாட்கள் நின்றார்கள். அதையே பிரித்தானிய ஊடகம் பெரும்பாலும் போக்குவரத்து இடைஞ்சலாகவே சித்திரித்தது. ஒரு நடனப்பாடகியின் சொல் எம்மாத்திரம்? அவரிடம் பத்திரிகையாளர்கள் புள்ளிவிவரம் கேட்டார்கள், புலிகள் பற்றி நிலைப்பாடு கேட்டார்கள். ஐஸ் கியூப்பிடம் யாரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸின் பட்ஜெட் கேட்டிருக்க மாட்டார்கள்.

2010 ஏப்ரலில் ‘பார்ன் ஃப்ரீ’ காணொளி வந்தது. இயக்கியவர் ரோமேன் காவ்ராஸ். செம்பட்டை முடி உள்ளவர்களை மட்டும் தேடித்தேடிப் பிடித்து, பேருந்தில் ஏற்றி, வெட்டவெளியில் ஓடவிட்டுச் சுடுகிறார்கள். ஒரு சிறுவனும் சுடப்படுகிறான். யூடியூப் அதை அமெரிக்காவில் முடக்கியது. அதற்கு எட்டு மாதம் முன்பு, கண்ணும் கையும் கட்டப்பட்ட நிர்வாண ஆண்களை இலங்கையில் சீருடைக்காரர்கள் சுட்டுக்கொல்லும் நிஜமான காட்சியைச் சேனல் 4 ஒளிபரப்பியிருந்தது. நடித்த சாவு எழுப்பிய கூச்சலில் பாதியைக்கூட நிஜச் சாவு எழுப்பவில்லை. ஒரு கலைஞராக அவர் அந்தக் காணொளியில் எடுத்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ‘என் மக்கள்’ என்று சொல்லிக் கேட்பார் இல்லாதபோது, வெள்ளை உடலின் மேல் அதை நிகழ்த்திக் காட்டினார். ஆனால் ‘கலா’வின் சிரிப்பு அதில் இல்லை. இருக்க முடியாது.

மறு மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழில் லின் ஹிர்ஷ்பெர்க் எழுதிய நீண்ட சித்திரம் வெளியானது. ராப்பின் பழைய ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை அது. பெரும் மதுபானக் குடும்பத்தின் வாரிசோடு நிச்சயமானவர், லாஸ் ஏஞ்சல்ஸின் வசதியான பகுதியில் வீடு வாங்கியவர், ட்ரஃபிள் வாசம் ஏற்றிய உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டே புரட்சி பேசுகிறவர் என்ற சித்திரம். எம்.ஐ.ஏ. கோபத்தில் பத்திரிகையாளரின் கைபேசி எண்ணைப் பொதுவெளியில் போட்டார். அது தவறு, சந்தேகமே இல்லை. பிறகு தான் வைத்திருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். அந்த வறுவலை வரவழைக்கலாம் என்று முன்மொழிந்தது பத்திரிகையாளர்தான் என்பது அதில் கேட்டது. மேற்கோள்கள் அடுக்கப்பட்ட வரிசை பற்றிப் பத்திரிகையும் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட்டது.

அந்தக் கட்டுரையின் கேள்வி முழுக்க அநியாயமானது அல்ல. வசதியான வீட்டிலிருந்து போரின் சின்னங்களைப் பாடுவதற்கு என்ன உரிமை என்று எந்தக் கலைஞரையும் கேட்கலாம். ஆனால் அகதிக்கு அந்தக் கேள்வி வேறுவிதமாக விழுகிறது. ஐஸ் கியூப் பணக்காரர் ஆனதும் தன் தெருவை விட்டுப் போனார் என்றால் அது அவருடைய தேர்வு. மாதங்கி பத்து வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்ததில் தேர்வு எதுவும் இல்லை. விட்டு வந்ததாலேயே உயிரோடு இருக்கிறவரிடம், நீ அங்கே இல்லையே என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. புலம்பெயர்ந்த தமிழர் ஒவ்வொருவரும் அந்தச் சொல்லை ஏதோ ஒரு வாயிலிருந்து கேட்டிருப்பார்கள்.

அந்த ஆண்டு வந்த ‘மாயா’ ஆல்பத்தை விமர்சகர்கள் பலர் கைவிட்டார்கள். துளையிடும் இயந்திரச் சத்தம், நெரிசல், கோபம். முதல் பாடல் கூகுளுக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. அன்று அது பைத்தியப் பேச்சாகத் தோன்றியது. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் ஆவணங்களை வெளியிட்டபிறகு அப்படித் தோன்றவில்லை. இந்த நிகழ்வு அவருக்கு நன்மை செய்யவில்லை என்று எனக்குப் படுகிறது. எல்லோரும் சிரித்த விஷயத்தில் தான் சரியாக இருந்துவிட்டோம் என்ற அனுபவம், அடுத்தடுத்த சந்தேகங்களுக்கும் அதே உறுதியைக் கொடுத்துவிடக்கூடும்.

2012 சூப்பர் பௌலில் மடோனாவின் நிகழ்ச்சிக்கு நடுவே பதினோரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருக்க நடுவிரலைக் காட்டியதும், கால்பந்து அமைப்பான என்.எஃப்.எல். அவரிடம் 1.66 கோடி டாலர் வரை கேட்டதும், 2014இல் சமரசமானதும் ஊரறிந்தவை. அந்தச் சைகையில் எனக்குப் பெரிய அர்த்தம் தெரியவில்லை. 2013இன் ‘மாதங்கி’ அதைவிட முக்கியமானது. தன் முழுப்பெயருக்குரிய தெய்வத்தை அவர் தேடிப் படித்த காலம். இசைக்கும் வாக்குக்கும் உரியவள், எச்சிலையும் தீட்டையும் விலக்காதவள். ஈழத்துப் பெண்ணின் மேடையுருவம் முதன்முறையாகப் போரைத் தவிர வேறொரு மரபில் கால் ஊன்றப் பார்த்தது. 2016இன் ‘எய்ம்’ அகதிகளைப் பற்றியது. ‘பார்டர்ஸ்’ காணொளியில் வேலியில் ஏறித் தொங்கும் மனிதர்களும் படகில் நெருங்கி நிற்கும் மனிதர்களும் ஒழுங்கான சித்திரங்களாக அசையாமல் இருக்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலில் அகதி பேசினான். இங்கே அவனைப் பார்க்கிறோம். அதே ஆண்டு, அமெரிக்கக் கறுப்பினப் பிரபலங்கள் முஸ்லிம்களின் உயிரைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று கேட்டதற்காக லண்டன் ஆஃப்ரோபங்க் விழாவில் அவர் இடம் பறிபோனது.

செயின்ட் மார்ட்டின்ஸ் நாட்களின் நண்பர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்த ‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ ஆவணப்படம் 2018இல் சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது. எம்.ஐ.ஏ. இளமையிலிருந்து தானே எடுத்து வைத்த நூற்றுக்கணக்கான மணிநேரப் பதிவுகளிலிருந்து செய்த படம். புகழுக்கு முன் யாழ்ப்பாணத்து உறவினரிடையே கேமராவோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை அதில் பார்க்கலாம். ‘அங்கே இல்லாதவள்’ என்ற குற்றச்சாட்டுக்கு அந்தப் பெண்ணின் முகத்தில் இருக்கும் சங்கடம் எந்தப் பேட்டியையும்விட நேர்மையான பதில். 2020 தொடக்கத்தில் அவர் பக்கிங்ஹாம் அரண்மனையில் எம்.பி.இ. பதக்கம் வாங்கினார். அவருடைய தாய் கலா பல ஆண்டுகளாக இந்த அரசுப் பதக்கங்களின் நாடாக்களைக் கையால் தைக்கும் வேலை செய்தவர். தாயின் உழைப்பை மதித்தே வாங்கியதாக மகள் சொன்னார். எதிர்ப்பின் குரல் அரச மரியாதையை ஏற்கலாமா என்று கேட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதிலை நான் யோசிக்க முடியவில்லை.

பிறகு வந்தவை என்னை வருந்தச் செய்தவை. தடுப்பூசி போடுவதைவிடச் சாவதைத் தேர்வேன் என்ற பொருளில் பெருந்தொற்றுத் தொடக்கத்தில் எழுதினார். பிரித்தானிய வோக் இதழ் அவரைப் பற்றிய பக்கங்களை நிறுத்தியது. 2022இல் இயேசுவின் காட்சி தனக்குக் கிடைத்ததைப் பேசினார். நம்பிக்கை அவருடைய உரிமை, அதில் சொல்ல ஒன்றுமில்லை. 2024இல் மின்காந்த அலைகளிலிருந்து உடலைக் காக்கும் என்று சொல்லி உடைகள் விற்கத் தொடங்கினார். கூர்மை மிச்சம் இருக்கிறது, அது குத்த வேண்டிய இடம்தான் தொலைந்துவிட்டது என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது. குழந்தையாக இருந்தபோது தகப்பனைத் தேடி வந்த இராணுவம், பெயர் சொல்லாத கண்காணிப்பு, நிஜச் சாவை நம்ப மறுத்த ஊடகம் எல்லாம் உண்மை. அந்த உண்மைகளிலிருந்து கற்றுக்கொண்ட அவநம்பிக்கை, இலக்கு இல்லாதபோது எதன் மேலும் பாய்கிறது.

2022இல் வந்த ‘மாதா’ ஆல்பத்தில் தாளம் இன்னும் அவருடையதுதான். கேட்டால் உடனே அடையாளம் தெரியும். தகப்பன், தாய், தான், தெய்வம், மீண்டும் தாய் என்று அவருடைய தலைப்புகள் ஒரு குடும்பத்துக்குள்ளேயே சுற்றி வந்திருக்கின்றன. ‘கலா’வில் அந்தக் குடும்பத்துக்குள் லைபீரியாக்காரரும் ஆஸ்திரேலியச் சிறுவர்களும் நுழைய இடம் இருந்தது. ‘மாதா’வில் அவர் பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கிறார்.

இதற்கிடையில் டொராண்டோவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், இசைக்கலைஞர் யாஞ்சனின் மிருதங்கத்தோடு ராப் பாடினார். சொற்கட்டின் வேகமும் ஆங்கில அசையும் அங்கே ஒன்றோடொன்று மோதிப் புதிய நடை பிறந்தது. 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ படத்தின் ‘நீயே ஒளி’ பாடலில் அவரும் நவ்ஸ்-47 என்ற கனடியத் தமிழ்ப் பெண் ராப்பரும் சந்தோஷ் நாராயணனோடு சேர்ந்தார்கள். இவர்களுடைய ‘நான்’ முள்ளிவாய்க்காலுக்குப் பின்னால் பேசத் தொடங்கிய ‘நான்’. போரின் சின்னங்களோடு விளையாடும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்ததே இல்லை; ஆகவே இழக்கவும் இல்லை. தெருவுக்குப் பதில் மிருதங்கத்தின் மேல் நிற்கும் அந்தக் குரல் இருபது ஆண்டுகள் கழித்து எதை நோக்கிக் கூர்மைப்படும் என்பதற்கு எம்.ஐ.ஏ.யின் பாதையில் முன்மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. உறுமியை அவர் எடுத்துப்போன விதத்தில் மட்டும் இருக்கலாம்.